கொழுந்து கிள்ள எத்தனை மதிப்பெண்?

வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த ‘புளூட்டோ’ என்ற கைப்பயிற்சி ரோபோ 2024-இல் செய்திகளில் அடிபட்டது. ஒரே மோட்டார்தான், பிடிகளை மாற்றி மாட்டினால் மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் தனித்தனியே பயிற்சி தரும். நல்ல பொருள். ஆனால், பக்கவாதத்தில் விழுந்த கை தேறுகிறது என்று எந்தக் கருவியைப் பற்றிச் செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: எதை வைத்து அளந்தார்கள்?

குன்னூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்கு வலது கை விழுந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளும் அந்தக் கை எவ்வளவு தேறியது என்று எப்படிச் சொல்வது?

வரலாறு தேவைப்படுகிற அளவுக்கு மட்டும்: 1975-இல் சுவீடனில் ஃபுகல்-மேயர் குழுவினர் ஓர் அளவுகோல் வகுத்தார்கள், தோளிலிருந்து விரல்வரை எப்படி அசைகிறது என்று பார்த்து 66-க்கு மதிப்பெண். 1981-இல் லைல் என்பவர், பழைய சோதனை ஒன்றைச் சுருக்கி ‘அராட்’ என்ற தேர்வை உண்டாக்கினார். 19 வேலைகள், மொத்தம் 57. டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். 6 மில்லிமீட்டர் இரும்புக் குண்டைக் கட்டைவிரலாலும் இன்னொரு விரலாலும் கிள்ளித் தூக்க வேண்டும். கொழுந்து கிள்ளுவதற்கு இதைவிட நெருங்கிய தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கல் ‘2’ என்ற மதிப்பெண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் இயல்பாகச் செய்தால் 3, செய்தார் ஆனால் சிரமப்பட்டு அல்லது வெகுநேரம் எடுத்து என்றால் 2. எத்தனை விதமான சிரமங்கள் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பழுத்த டிரைவரும் கற்றுக்குட்டியும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். வித்தியாசம் பயணியின் வயிற்றுக்குத் தெரியும். கையும் அப்படித்தான். நலமான கை ஒரு பொருளை எட்டும்போது அதன் வேகம் மணி வடிவில் ஒரே மேடாக ஏறி இறங்கும். பக்கவாதத்துக்குப் பின் அது பல குட்டி மேடுகளாக உடைகிறது: கை கொஞ்சம் போய், தயங்கி, மறுபடி போகிறது. தேறத் தேற மேடுகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. இந்த வழுவழுப்பை அளக்கும் பழைய வழி, வயிற்றின் வழிதான்: முடுக்கம் எவ்வளவு சடுதியில் மாறுகிறது என்று கணக்கிடுவது. ஆனால் வயிறு சாலைக் குழியையும் டிரைவர் கணக்கில் எழுதிவிடும். கையை அளக்கும் சென்சாரின் இரைச்சலும் அப்படியே கையின் குற்றமாகிவிடும்.

சி.எம்.சி.யின் சிவகுமார் பாலசுப்பிரமணியனும் வெளிநாட்டுக் கூட்டாளிகளும் 2012-இல் முன்வைத்து 2015-இல் செம்மையாக்கிய வழி இதைத் தாண்டுகிறது. வேக வரைபடத்தை அதிர்வெண்களாகப் பிரித்து, கிடைக்கும் கோட்டின்மேல் நூல் பிடித்து நீளம் பார்ப்பதுதான் சூட்சுமம். வழுவழுப்பான அசைவென்றால் கோடு ஒரே சரிவாக இறங்கும், நூல் குட்டை. திக்கித் திணறினால் கோடு மேலும் கீழும் அலைந்து நூலை இழுத்துக்கொண்டே போகும். உயர் அதிர்வெண்ணில் வரும் குழிச் சத்தத்தை முன்கூட்டியே வெட்டிவிடலாம். பர்லியாறில் டீக்கு நிறுத்தினால்? நூல் நீளும், கை நடுவழியில் நின்றாலும் அப்படியே. (டிரைவர் டீ குடித்தது தவறா என்று நூலிடம் கேட்கக் கூடாது.)

அழகான கணக்குதான். ஆனால் வழுவழுப்பாகப் போன கை கொழுந்தை எட்டாமலே நின்றிருக்கலாம். கை நீளாமல் முதுகே சாய்ந்து எட்டியிருக்கவும் கூடும். அளவுகோலை மாற்றினால் முடிவே மாறும் என்பதற்குப் பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ரோபோ ஆய்வு சாட்சி. ஃபுகல்-மேயர் அளவில் ரோபோவிடம் பயின்றவர்கள் வழக்கமான சிகிச்சையைவிட முன்னேறினார்கள். அராட் தேர்வில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. விளம்பரம் எழுதுபவர் இதில் எதை எடுப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல.

இரண்டு மணிக்கட்டிலும் சென்சார் கட்டி வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு முறை. நடக்கும்போது வீசும் கையையும் அது வேலை என்றே எண்ணும். அதனால் ஒரு கையின் கணக்கை மற்றதோடு ஒப்பிடுகிறார்கள். நலமானவர்களிடம் இரு கைகளின் உழைப்பும் ஏறக்குறைய சமமாக வருகிறது, வலக்கைக்காரர்களிடமும்கூட. இரு கையாலும் கொழுந்து பறிக்கிறவருக்கு மருத்துவமனை மேசையில் வாங்கும் 57-ஐவிட இந்த விகிதமே பொருத்தமான கணக்கு.