பச்சை விளக்கை நம்பலாமா?

கணினி வலையமைப்பு என்றதும் நம் கண்முன் வருபவை வயர்களும் மினுங்கும் சிறு விளக்குகளும்தான். வயர் கழன்றால் விளக்கு அணையும். திரும்பச் செருகினால் எரியும். ஆனால் இன்றைய பெரிய நிறுவனங்களின் வலையமைப்பில் ஒரு பகுதிக்கு வயரே கிடையாது. அது முழுக்க மென்பொருளால் ஆனது. கழன்று விழ எதுவுமே இல்லாத இடத்தில் பழுதை எப்படித் தேடுவது? உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் என்னை இக்கேள்வி வெகுநாளாகத் தொந்தரவு செய்தது. நிறுவனமொன்றின் வலையமைப்புப் பிரிவில் பணிபுரியும் என் ராத்தாவிடம் கேட்டும், வீட்டுக் கணினியில் செய்து பார்த்தும் நான் விளங்கிக்கொண்டதை இங்கே தருகிறேன்.

உறைக்குள் ஓர் உறை

பழைய முறையில், ஒரு தரவுப் பொதியை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை ஒவ்வொரு சுவிட்சும் தானே முடிவு செய்யும். மென்பொருளால் வரையறுக்கப்படும் வலையமைப்பில் அந்த முடிவு ‘கட்டுப்படுத்தி’ எனப்படும் மைய மென்பொருளிடம் இருக்கும். சுவிட்சுகள் அதன் சொற்படி பொதிகளைக் கடத்தும். 2008இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து அறிமுகமான ‘ஓப்பன்ஃப்ளோ’ இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது.

இத்தகைய வலையமைப்பில், வயர்களாலான அடித்தளத்தின் மேல் ஒரு மெய்நிகர் வலையமைப்பை விரிக்கிறார்கள். அதற்குப் பெரிதும் பயன்படும் முறைகளில் ஒன்று ‘வீஎக்ஸ்லான்’. 2014இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7348 என்ற ஆவணம் அதை விவரிக்கிறது.

ஒரு கடிதத்தை உறையிலிட்டு முகவரி எழுதுகிறோம். அந்த உறையை அப்படியே பெரிய உறையொன்றில் வைத்து, அதன்மேல் வேறொரு முகவரியை எழுதினால் எப்படியிருக்கும்? வீஎக்ஸ்லான் செய்வதும் அதுதான். உள்ளுறையில் இருப்பது, செய்தி சேரவேண்டிய கணினியின் முகவரி. வெளியுறையில் இருப்பது, அந்தக் கணினிக்கு முன்னால் நிற்கும் சுவிட்சின் முகவரி. வழியிலுள்ள ரவுட்டர்கள் வெளியுறையை மட்டுமே பார்க்கும். உறையிடுவதும் பிரிப்பதும் நடக்கும் வாசலே மெய்நிகர் இடைமுகம்.

ஒவ்வோர் உறையிலும் வலையமைப்பு இலக்கம் ஒன்றும் எழுதப்படும். பழைய வீலான் முறையில் இதற்கு 12 பிட்டுகள். ஆகவே 4,096 இலக்கங்கள். வீஎக்ஸ்லானில் 24 பிட்டுகள். ஆகவே 16,777,216 இலக்கங்கள்.

விளக்கு எதற்குச் சாட்சி?

இரண்டு மெய்நிகர் லினக்ஸ் இயந்திரங்களை உருவாக்கி, அவற்றை வீஎக்ஸ்லானால் இணைத்தேன். பின்னர் இரண்டாவது இயந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்தினேன். முதலாவதில் அந்த இடைமுகம் இன்னமும் ‘அப்’ என்றே காட்டியது!

காரணம் எளிது. ‘உறையிட நான் தயார்’ என்பதே அந்தச் சொல்லின் பொருள். உறை போய்ச் சேர்ந்ததா என்பதை அந்த வாசல் அறியாது. ஆகவே பழுது தேடுபவர் மேலேயுள்ள விளக்கைப் பார்த்து நின்றுவிடாமல், அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், உறையிடும் இரண்டு சுவிட்சுகளும் ஒன்றையொன்று எட்டுகின்றனவா என்று ‘பிங்’ செய்து பார்க்க வேண்டும். வெளியுறையில் அனுப்புநராக எழுதப்படும் அதே முகவரியிலிருந்து அதைச் செய்ய வேண்டும். வேறு முகவரியிலிருந்து செய்தால் வேறொரு பாதையைச் சோதித்ததாகிவிடும்.

இரண்டாவது, போர்ட் இலக்கம். வீஎக்ஸ்லானுக்கு ஒதுக்கப்பட்டது யூ.டி.பி. 4789. இடையிலுள்ள தீச்சுவர் அதை மறிக்கலாம். லினக்ஸிலோ நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 8472 என்ற இலக்கமே எடுத்துக்கொள்ளப்படும். 4789 ஒதுக்கப்படுவதற்கு முன்பே வீஎக்ஸ்லான் லினக்ஸுக்குள் வந்துவிட்டதே அதற்குக் காரணம். ஒரு பக்கம் 4789, மறுபக்கம் 8472 என்றிருந்தால் இரு வாசல்களும் திறந்திருக்கும்; பேச்சு மட்டும் நடக்காது.

மூன்றாவது, வலையமைப்பு இலக்கம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பது.

நான்காவது, கட்டுப்படுத்தி. ஏற்கெனவே இணைந்திருந்த கணினிகள் வேலை செய்ய, புதிதாகச் சேர்த்த கணினிக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை என்றால், சுவிட்சுக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையிலான தொடர்பைச் சந்தேகிக்கலாம்.

சிறியது போகும், பெரியது நிற்கும்

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒளிந்திருக்கும் பழுது ஒன்று உண்டு. ஒரு வைத்தியசாலையைக் கற்பனை செய்வோம். நோயாளியின் பெயரும் இலக்கமும் வைத்தியரின் திரைக்கு உடனே வருகின்றன. ஸ்கேன் படம் மட்டும் வரவில்லை. வலையமைப்புப் பிரிவினர், “பிங் போகிறது, பழுது எங்களிடம் இல்லை” என்கிறார்கள். மென்பொருள் பிரிவினரும் அதையே சொல்கிறார்கள். காத்திருப்பவர் நோயாளி.

இங்கே கணக்கு ஒன்று இருக்கிறது. ஈதர்நெட்டில் ஒரு பொதியின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட்டுகள். வெளியுறைக்கான கூடுதல் சுமை: உள் ஈதர்நெட் தலைப்பு 14, வீஎக்ஸ்லான் தலைப்பு 8, யூ.டி.பி. 8, ஐ.பி. 20, மொத்தம் 50. கணினி 1500 பைட்டுப் பொதியை அனுப்பினால் அது 1550 ஆகிவிடும். அடித்தளம் 1500ஐ மட்டும் ஏற்குமானால், தபால் பெட்டியின் வாய்க்குள் நுழையாத உறைபோல அது நின்றுவிடும். வீஎக்ஸ்லான் பொதியை உறையிடும் சுவிட்ச் துண்டாக்கக் கூடாது என்பது விதி. ‘அளவு பெரிது’ என்று வழியிலுள்ள ரவுட்டர் முறைப்பாடு அனுப்பினாலும், அது வெளியுறையை எழுதிய சுவிட்சுக்கே போகும். கடிதம் எழுதிய கணினிக்குப் பெரும்பாலும் தெரிய வராது. அதுவோ அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

விண்டோஸில் சாதாரண பிங் 32 பைட்டுத் தரவையே சுமந்து செல்கிறது. எந்த வாயிலும் நுழையும் சிறிய உறை அது! ஆகவே, துண்டாக்க வேண்டாம் என்ற கட்டளையோடு 1472 பைட்டுத் தரவை அனுப்பிப் பார்க்க வேண்டும். தலைப்புகளின் 28உம் சேர்ந்தால் 1500. அது நின்று, 1422 போனால் பழுது பிடிபட்டது. அடித்தளத்தின் அளவை 1550க்குக் குறையாமல் உயர்த்தலாம். அல்லது கணினிகளின் அளவை 1450ஆகக் குறைக்கலாம்.

தோழியரே, வலையமைப்பின் ஏழு அடுக்குகளைப் பரீட்சைக்காக நாம் மனனம் செய்கிறோம். பழுது தேடும்போதுதான் அவை ஏன் அடுக்குகளாக இருக்கின்றன என்பது விளங்குகிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். சிறிய பிங் ஒன்று போனது என்றால், சிறிய பிங் ஒன்று போனது என்பதற்கு மட்டுமே அது ஆதாரம். “என் பக்கம் பழுதில்லை” என்று சொல்வதற்கு முன், நான் செய்த சோதனை உண்மையில் எதை நிரூபித்தது என்று கேட்டுக்கொள்வதே இத்துறைக்கு வர விரும்பும் நாம் பழக வேண்டிய முதல் பாடம்.