பசையும் பூட்டும்: ஆப்பிளின் மதிப்பு எங்கே இருக்கிறது?

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் ஒரு கைபேசிப் பழுதுபார்க்கும் கடை. வாடிக்கையாளர் இருவர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். நான் போனபோது மேசையில் இரண்டு ஐபோன்கள் முதுகைக் காட்டிக் கிடந்தன. ஒன்று 2020-இல் வந்த ஐபோன் 12; பேட்டரி மாற்ற வந்திருந்தது. மற்றொன்று 2024-இன் ஐபோன் 16; வண்டியிலிருந்து விழுந்து பின்பக்கம் நொறுங்கியிருந்தது.

“வெளிய பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான் சார் இருக்கும். உள்ள போனாத்தான் வித்தியாசம்” என்றார் கடைத் தம்பி.

பழையதை முதலில் திறந்தார். சூட்டுத் தகட்டில் வைத்து எடுத்து, திரையைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேட்டரிக்கு அடியில் பசை நாடா. அதன் நுனியைப் பிடித்து ரப்பர் பேண்டு போல மெதுவாக இழுத்தால் முழுசாக வந்துவிட வேண்டும். பாதியில் அறுந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக ஆல்கஹால் விட்டு, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார். லித்தியம் பேட்டரி வளைந்தாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கலாம். இருபது நிமிடம் போனது.

புதியதில் பின்கண்ணாடியை எடுத்ததும் பேட்டரி தெரிந்தது. சாதாரண 9 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்து வந்த இரண்டு கிளிப்புகளில் ஒன்றை ஐபோன் பேட்டரியின் ஓரத்து உலோக நாக்கிலும், இன்னொன்றை உள்சட்டத்திலும் மாட்டினார். ஒன்றரை நிமிடம் காத்திருந்தோம். அவ்வளவுதான். விரலால் தூக்கி எடுத்து வைத்துவிட்டார். மின்சாரம் பாய்ந்தால் பிடியை விட்டுவிடுகிற பசை அது.

ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய ஐபோன் வரும்போது, “ஆப்பிள் இப்போதெல்லாம் புதிதாக எதையும் செய்வதில்லை” என்ற பேச்சும் கூடவே வரும். அந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது. புதுமை நின்றுவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்த நிறுவனத்துக்குச் சந்தை வைத்திருக்கும் விலை அந்தப் புதுமைக்கு உரிய விலையா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

விலையை முதலில் பார்ப்போம். 2015 நிதியாண்டில் ஆப்பிளின் நிகர லாபம் சுமார் 5,340 கோடி டாலர். 2025 நிதியாண்டில் 11,200 கோடி டாலர். பத்தாண்டில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு நல்ல வளர்ச்சிதான். ஆனால் இதே காலத்தில் அதன் சந்தை மதிப்பு சுமார் 63,000 கோடி டாலரிலிருந்து 3.8 லட்சம் கோடி டாலர் அளவுக்குப் போனது. அதாவது ஆறு மடங்கு. 2025 அக்டோபரில் 4 லட்சம் கோடியையும் தொட்டது.

லாபம் இரண்டு மடங்கு, மதிப்பு ஆறு மடங்கு. இந்த இடைவெளியில் ஒரு பகுதிக்கு எளிய விளக்கம் இருக்கிறது. ஒரு தென்னந்தோப்பில் 26 பங்காளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோப்பில் வரும் காசிலேயே ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்த்து அனுப்பிக்கொண்டே வந்தால், மிச்சமிருக்கும் 15 பேருக்கு ஆளுக்கு வரும் பங்கு கூடும்; தோப்பில் ஒரு மரம்கூடக் கூடியிருக்க வேண்டியதில்லை. ஆப்பிள் இதைத்தான் செய்கிறது. பின்னாளில் செய்த பங்குப் பிரிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2013 வாக்கில் சுமார் 2,600 கோடியாக இருந்த அதன் பங்குகள் இப்போது 1,500 கோடிக்கும் கீழே. தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கி ரத்து செய்துவிடுகிறது. 2024 மே மாதம் இதற்கு ஒப்புதல் பெற்ற தொகை 11,000 கோடி டாலர். அமெரிக்க நிறுவனம் எதுவும் அதுவரை அவ்வளவு பெரிய தொகையை அறிவித்ததில்லை.

மிச்ச இடைவெளிதான் முக்கியம். 2015-இல் ஆப்பிளின் ஒரு டாலர் லாபத்துக்கு முதலீட்டாளர் கொடுத்தது சுமார் 12 டாலர். 2025-இல் அதே ஒரு டாலருக்குச் சுமார் 34 டாலர் கொடுத்தார். பங்குச் சந்தையில் இதைப் பி.இ. விகிதம் என்பார்கள். வேகமாக வளரப் போகிறது என்று நம்பும் நிறுவனத்துக்குத்தான் பொதுவாக இந்த விகிதம் கூடும். ஆப்பிளின் கதையோ வேறு மாதிரி இருக்கிறது. 2015-இல் ஐபோன் விற்பனையில் வந்தது 15,500 கோடி டாலர். 2025-இல் 20,960 கோடி. இடைப்பட்ட காலத்து அமெரிக்க விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டால் வளர்ச்சி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. 2015-இல் விற்ற ஐபோன்கள் 23.1 கோடி, 2018-இல் 21.8 கோடி. அதற்குப் பிறகு எத்தனை விற்றது என்று சொல்வதையே நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

விற்பனை இப்படித் தேங்கியதற்கு, நன்றாக உழைக்கிற பொருளைச் செய்ததும் ஒரு காரணம். ரிச்சி தெரு மேசையில் கிடந்த அந்த ஐபோன் 12-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்தக்காரர் புதிய போன் வாங்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு போனார்.

தெரியாத இடத்தில் நடந்தது

ஐபோன் அறிமுகமான 2007-இல் ஆப்பிள் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது சுமார் 78 கோடி டாலர். அதே ஆண்டில் நோக்கியா செலவிட்டது 500 கோடி யூரோவுக்கும் மேல். யார் வென்றார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று ஆப்பிளின் ஆராய்ச்சிச் செலவு ஆண்டுக்கு 3,450 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. செலவழித்த தொகையை வைத்துப் புதுமையை அளக்க முடியாது என்பதால், அந்தப் பணம் எங்கே போனது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதில் ஒரு பங்கு சிப்புக்குப் போயிருக்கிறது. 2008-இல் பி.ஏ. செமி என்ற சிறு நிறுவனத்தை ஆப்பிள் 27.8 கோடி டாலருக்கு வாங்கியது. அன்று அது பெரிய செய்தியாகப் பேசப்படவில்லை. 2010-இல் ஏ4 என்ற சொந்தச் சிப் வந்தது. 2013-இல் ஏ7, கைபேசியில் 64 பிட் செயலாக்கத்தை முதலில் கொண்டுவந்து போட்டியாளர்களைத் திணறடித்தது. 2020 நவம்பரில் எம்1. பதினைந்து ஆண்டுகளாகத் தன் கணினிகளில் வைத்திருந்த இன்டெல்லை விட்டு ஆப்பிள் விலகத் தொடங்கியது அதோடுதான்.

எம்1 மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. இதைச் சொன்னால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வீடியோ ஏற்றுமதி செய்யும்போது மடியில் வைத்த கணினி இரைந்து, தொடை சுடுகிற அளவு கொதித்த காலத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும் அது என்ன மாற்றம் என்று. குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை என்பதை ஒரு தொழில் முழுவதற்கும் புதிய அளவுகோலாக்கிய சிப் அது. அச்சிட்டுத் தருவது தைவானின் டிஎஸ்எம்சி, வடிவமைத்தது ஆப்பிள். நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் காலத்து மேடை ஆரவாரம் எதுவும் அதில் இல்லை. ஆனால் ஐபோனுக்கு அடுத்தபடியாக அந்த நிறுவனம் செய்த பெரிய காரியம் அதுதான் என்பேன்.

காதுக்கருவியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏர்பாட்ஸ் ப்ரோ 2-ஐ, காது சற்று மந்தமானவர்களுக்கு உதவும் கருவியாக மாற்றும் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் அனுமதி தந்தது. காது மந்தமானதை வெளியில் சொல்லத் தயங்கி, பேச்சையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் இல்லாத வீடு உண்டா? பாட்டுக் கேட்க எல்லோரும் மாட்டுகிற பொருளே உதவிக்கு வருவது சின்ன விஷயமில்லை.

தோற்றவையும் உண்டு. பத்தாண்டு ரகசியமாக நடந்த கார் திட்டம் 2024 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே மாதம் 3,499 டாலர் விலையில் கடைக்கு வந்த விஷன் ப்ரோ, வியக்கவைத்தது. ஆனால் வாங்கியவர்கள் குறைவு. முயற்சி செய்கிறவர்கள் தோற்கத்தான் செய்வார்கள், அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். என் வருத்தம் சிரியைப் பற்றியது.

பேசினால் கேட்கும் உதவியாளரைக் கைபேசியில் கோடிக்கணக்கானோரிடம் முதலில் கொண்டு சேர்த்தது ஆப்பிள்தான். சிரி அறிமுகமானது 2011 அக்டோபர் 4. ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானது மறுநாள். கையில் அவ்வளவு முன்னதாகக் கிடைத்த விதையை வளர்க்காமல் விட்டுவிட்டார்கள். 2024 ஜூனில் சிரி உங்கள் மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் புரிந்துகொண்டு வேலை செய்யும் என்று காட்டினார்கள். அதை நம்பி விளம்பரமும் செய்தார்கள். 2025 மார்ச்சில், இன்னும் நாளாகும் என்று ஒப்புக்கொண்டார்கள். 2026 ஜனவரியில், தன் செயற்கை நுண்ணறிவுக்கு கூகுளின் ஜெமினியை அடித்தளமாகக் கொள்ளப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. சிப்பைச் சொந்தமாகச் செய்தால்தான் நிம்மதி என்று கற்றுக்கொண்ட நிறுவனம், இந்தத் தலைமுறையின் மிக முக்கியமான தொழில்நுட்பத்தை வாடகைக்கு எடுக்கிறது. அதே நிறுவனம் 2025-இல் பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்டது சுமார் 9,000 கோடி டாலர். ஆராய்ச்சிச் செலவைப் போல இரண்டரை மடங்கு.

பூட்டுக்குத்தான் விலை

அப்படியானால் அந்த 34 டாலர் எதற்கு? பெட்டியில் வராத வருமானத்துக்கு. ஆப் ஸ்டோர் கமிஷன், ஐகிளவுட் சந்தா, ஆப்பிள் மியூசிக், கூகுள் தரும் பணம் எல்லாவற்றையும் ஆப்பிள் ‘சேவைகள்’ என்ற ஒரே தலைப்பில் போடுகிறது. 2015-இல் இதில் வந்தது 1,990 கோடி டாலர். 2025-இல் 10,920 கோடி. பொருள் விற்றால் நூறு டாலரில் நேரடிச் செலவு போகச் சுமார் 37 டாலர் நிற்கிறது. சேவையில் சுமார் 75 நிற்கிறது.

இதில் ஒரு வரவு கூகுள் மீதான அமெரிக்க ஏகபோக வழக்கில் வெளியே வந்தது. ஐபோனில் நீங்கள் எதையாவது தேடினால் அது முதலில் கூகுளுக்குப் போக வேண்டும் என்பதற்காக 2022-இல் மட்டும் கூகுள் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். அந்தப் பணத்துக்கு ஆப்பிள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சாலை அவர்களுடையது, சுங்கம் வசூலானது. ஆப் ஸ்டோரில் விற்பவர் தரும் 30 சதவீதமும், சிறிய நிறுவனமானால் 15 சதவீதமும் அதே கணக்குத்தான்.

சாலை போட்டவருக்குச் சுங்கம் கேட்க உரிமை உண்டு. எவ்வளவு காலம், எவ்வளவு என்பதுதான் இப்போது நீதிமன்றங்களில் நடக்கும் வாதம். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் 50 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே மாதக் கடைசியில், வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கின் உத்தரவை ஆப்பிள் மீறியதாகக் கலிபோர்னியா நீதிபதி ஒருவர் கண்டித்து, அமெரிக்காவில் செயலிக்கு வெளியே நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்றார். அபராதத் தொகை ஆப்பிளுக்குப் பெரிதல்ல. ஆனால் சந்தை மதிப்பின் கனமான பகுதி இந்தச் சுங்கச்சாவடியின் மேல் நிற்கிறது. அங்கே விழும் ஒவ்வொரு தீர்ப்பும் புதிய ஐபோனின் கேமராவை விடப் பங்கு விலைக்கு முக்கியமானது.

பழுதுக்கடை மேசையிலும் இந்தப் பூட்டு உண்டு. ஒரே மாதிரியான இரண்டு அசல் ஐபோன்களின் திரைகளை மாற்றி மாட்டினாலும், பாகம் அடையாளம் தெரியவில்லை என்று போன் எச்சரித்துவந்தது. முக்கியப் பாகங்கள் தத்தம் போனோடு எண்ணால் பிணைக்கப்பட்டவை. 2024-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இப்படிப் பிணைப்பதைத் தடுக்கச் சட்டம் போட்டது. பயன்படுத்திய அசல் பாகங்களுக்கு ஆப்பிளும் அந்த ஆண்டே வழி திறந்தது. 2027 பிப்ரவரி முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே எளிதாக மாற்ற முடிய வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஒன்றரை நிமிடத்தில் பிடியை விட்ட அந்தப் பசை பிறந்த காலம் இது. பூட்டைத் தளர்த்தச் சொல்லி வெளியிலிருந்து நெருக்கும்போது இந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் அழகான வேலை செய்கிறார்கள். அதனால்தான் இந்த வழக்குகளை ஆப்பிளுக்கு எதிரானவையாக நான் பார்ப்பதில்லை. சுங்கம் குறைந்தால் மறுபடி பொருளை வைத்துத்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கும்.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் 2019 முதல் ஐபோன்களைக் கோக்கிறது. ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியே 2024-இல் திறக்கப்பட்டது. அந்தப் பெண்களின் கைவழியே போகும் பொருளின் மதிப்பில் கோக்கும் நிறுவனத்துக்கு நிற்பது மிகக் கொஞ்சம்: ஃபாக்ஸ்கானின் நிகர லாபம் நூறு ரூபாய் விற்றால் இரண்டு ரூபாய்ச் சொச்சம். ஆப்பிளுக்கு நூற்றுக்கு 27 வரை மிஞ்சுகிறது. நியூயார்க்கில் பங்கு கால்வாசி சரிந்தால் வல்லம் வடகாலில் மறுநாள் எதுவும் நடக்காது. போன் விற்பது குறைந்தால் நடக்கும்.

அதை அந்தப் பகுதி ஒருமுறை பார்த்திருக்கிறது. உலகில் விற்ற பத்துக் கைபேசிகளில் மூன்றுக்கும் மேல் நோக்கியாவுடையதாக இருந்த காலத்தில், 2006-இல், ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை திறந்தது. கைபேசித் தொழிலை நோக்கியா மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் கைமாறாமல் நின்றுபோனது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. வேலைக்குப் போய் வந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஊர் திரும்பினார்கள். அந்த ஆலை ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2019-இல் அதை வாங்க முன்வந்தது சால்காம்ப் என்ற பின்லாந்து வேர் கொண்ட நிறுவனம். அது ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து தருகிறது.