வசதி என்ற பெயரில் வந்த வேலை

இணையச் சேவை ஒன்று தொடங்கும்போது அலுவலகத்தில் ஒரு வேலை குறைகிறது. அந்த வேலை எங்கும் மறைந்துவிடுவதில்லை. படிவம் நிரப்புவது, இலக்கங்களைச் சரிபார்ப்பது, பிழை வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது எல்லாம் இலிகிதரின் மேசையிலிருந்து பொதுமக்களின் கைக்கு மாறுகின்றன. சொந்தமாக ஒரு கைபேசி, சார்ஜ் போட மின்சாரம், தடைப்படாத சிக்னல், மாறாத தொலைபேசி இலக்கம், எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்ட பெயர் ஆகியவை உள்ளவருக்கு இந்த மாற்றம் இலாபமானது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அரைமணி நேர வேலைக்கு அரைநாள் போய்விடும். நவீன தொழில்நுட்பம் தரும் அன்றாட எரிச்சல்களில் பெரும்பாலானவை கருவி பழுதாவதால் வருவதில்லை. கருவி சரியாகவே இயங்குகிறது. அது எதிர்பார்க்கும் மனிதர்தான் அங்கே இல்லை.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், குச்சவெளி பிரதேச செயலகப் பிரிவில் இருக்கும் திரியாய் போன்ற ஊர்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வயலும் கடலும் சார்ந்த வாழ்க்கை; 1980களின் நடுப்பகுதியில் போரால் ஊரே இடம்பெயர்ந்து, நீண்ட காலத்துக்குப் பின் மீளக் குடியேறிய வரலாறு; பிள்ளைகளில் சிலர் வெளிநாட்டில். கணினி கேட்கும் ஒழுங்கான ஆவண வாழ்க்கை இத்தகைய ஊர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இலங்கையில் டிஜிட்டல் வசதியை ஏழை, பணக்காரர், நகரத்தவர், கிராமத்தவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தித்தது 2022இல்தான். அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருள் இறக்குமதி முடங்கியபோது, பெற்றோல் செட் வாசலில் நாட்கணக்காக வரிசை நின்றது. வரிசையிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த ஆண்டு ஜூலை 16ஆம் திகதி, அப்போதைய வலுசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர கியூஆர் குறியீட்டின் அடிப்படையிலான தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரத்தை அறிமுகப்படுத்தினார். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிந்தால் ஒரு சதுரக் குறியீடு கிடைக்கும். செட்டில் அதைக் காட்டினால் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. தொடக்கத்தில் ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம்தான்.

இந்த முறை வரிசையைக் குறைத்தது என்பதை மறுக்க முடியாது. ஒரே ஆள் இரண்டு செட்டில் நிரப்புவதும், கான்களில் பதுக்குவதும் பெருமளவு நின்றன. ஆனால் கணக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தவில்லை. நகரத்தில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் ஒரு வாரத்துக்குக் காணும். திரியாயிலிருந்து திருகோணமலைக்கு ஒரு முறை போய்வந்தாலே ஏறத்தாழ 90 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டி என்றால் இரண்டு பயணத்தோடு அந்த வாரம் முடிந்தது. ஆசுபத்திரி, மாவட்டச் செயலகம் என்று எதற்குப் போவதானாலும் இந்த இரண்டுக்குள் அடக்க வேண்டும். மென்பொருள் வாகனத்தின் வகையைக் கேட்டது. ஊரின் தூரத்தைக் கேட்கவில்லை. ஜெனரேட்டர் போன்ற இயந்திரங்களுக்கு வாகன இலக்கமே கிடையாது என்பதால், அவற்றுக்கான எரிபொருளுக்குப் பிரதேச செயலகத்தில் தனியாகப் பதிய வேண்டியிருந்தது. அதாவது கணினிக்குள் அடங்காதவை பழையபடி காகிதத்துக்கும் மேசைக்குமே திரும்பின.

செசி இலக்கத்தாலும் சிக்கல் வந்தது. இலங்கையில் வாகனம் கைமாறும்போது உடனே பெயர் மாற்றாமல் ஓட்டுவது பரவலான வழக்கம். விற்றவர் முந்திக்கொண்டு பதிந்திருந்தால், வாங்கியவர் தன் வண்டியில் உட்கார்ந்தபடியே அந்நியராகிப் போவார். இதை விளங்கப்படுத்தக் கைபேசித் திரையில் இடம் இல்லை. திரைக்குத் தெரிந்ததெல்லாம் ‘ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரி.

ஸ்மார்ட் கைபேசி இல்லாதவர்களைக் காப்பாற்றியது காகிதம். கொமியூனிகேசன் கடைகள், அதாவது போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்பல் எல்லாம் செய்யும் சிறு கடைகள், காசு வாங்கிக்கொண்டு பதிவு செய்து, குறியீட்டை அச்சிட்டு, லமினேட் பண்ணிக் கொடுத்தன. சட்டைப் பையில் மடங்கிக் கசங்கியும் அது வேலை செய்ததற்குக் காரணம் குறியீட்டின் வடிவமைப்பே. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாரா தலைமையில் வாகன உதிரிப்பாகங்களை அடையாளம் காண உருவாக்கப்பட்ட கியூஆரில், அழிந்த தகவலை மீட்டெடுக்க உதவும் மேலதிகக் குறிகளும் சேர்த்தே பொறிக்கப்படுகின்றன. உயர்ந்த திருத்த நிலையில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் மீதியை வைத்து முழுவதையும் வாசித்துவிடலாம். தொழிற்சாலையின் எண்ணெயையும் அழுக்கையும் தாங்கச் செய்த ஏற்பாடு, மீனவரின் சட்டைப் பைக்கும் பொருந்திப் போனது தற்செயல்தான். 2023 செப்டம்பர் 1ஆம் திகதி இந்த ஒதுக்கீட்டு முறை நிறுத்தப்பட்டது.

எரிபொருள் அனுமதிப் பத்திரம் ஓராண்டுக்குச் சற்று மேல் நீடித்தபின் நின்றது. ஆளை அடையாளம் காட்டும் தொல்லை எந்தச் சேவையிலும் தொடர்கிறது. 2016 ஜனவரிக்கு முன் வழங்கப்பட்ட அடையாள அட்டைகளில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். புதிய அட்டையில் 12 இலக்கம், எழுத்து இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கங்கள் இருக்க முடியும் என்று எண்ணாமல் எழுதப்பட்ட மென்பொருளில், வங்கியில் பழையதும் வேறோர் இடத்தில் புதியதும் பதிந்து வைத்திருப்பவர் இரண்டு ஆட்களாகிவிடுவார்.

பெயர் இன்னும் மோசம். ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு பெட்டிகளைக் கட்டாயமாக வைக்கும் படிவம், தகப்பன் பெயரை முதலெழுத்தாக முன்னால் போட்டு எழுதும் தமிழரைத் தடுமாற வைக்கிறது. சிலர் தகப்பனின் பெயரைக் குடும்பப்பெயராக இடுகிறார்கள். சிலர் தங்கள் பெயரையே இரண்டு பெட்டியிலும் இடுகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு வேறு குடும்பப்பெயர் அமைந்துவிடுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. இலிகிதர் இருந்த காலத்தில் ஜிஎஸ் எனப்படும் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கினால் ‘இருவரும் ஒருவரே’ என்று தீர்ந்துவிடும். கணினியோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். இடப்பெயர்வில் மூல ஆவணங்களைத் தொலைத்து, பின்னர் வேறு வேறு அலுவலகங்களில் பிரதி எடுத்த குடும்பங்களுக்கு இந்த ஒப்பீடு தண்டனை மாதிரி. ஊரின் பெயருக்கும் இதே கதிதான்: திரியாய் என்ற தமிழ் வடிவத்தை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், திரியாய என்ற சிங்கள வடிவத்தை ஒட்டி இன்னொன்று என்று வரைபடங்களும் பட்டியல்களும் மாறி மாறி எழுதுகின்றன.

எழுத்து வடிவத்தின் கதை தனி. இலங்கைத் தமிழில் நீண்ட காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கணினிக்குத் தமிழ் வந்திருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டு ஏமாற்றும் வித்தை அது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். 1991இல் வெளியான யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், அலுவலகங்களும் அச்சகங்களும் பாமினியை எளிதில் விடவில்லை. அதனால் ஒருகாலத்துச் சுற்றறிக்கைகள், வினாத்தாள்கள், கோயில் மலர்கள் எல்லாம் எழுத்துருவோடு சேர்ந்தே தொலைந்துபோகும் நிலையில் உள்ளன. திரியாய் குன்றிலுள்ள விகாரைக்கு அருகே பல்லவ கிரந்த எழுத்தில் பாறையில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டு மழையும் வெயிலும் தின்றது போக மிஞ்சியதை அறிஞர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முந்திய பாமினிக் கோப்பை வாசிக்க அதற்கென ஒரு மாற்றி தேட வேண்டியிருக்கிறது.

கைபேசிக் குறுஞ்செய்தியில் தமிழ் வேறொரு விலை கொடுக்கிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு ஒவ்வோர் இடத்துக்கும் 16 பிட் தேவைப்படுவதால் 70தான். அதிலும் உயிர்மெய் ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு இடம் போகிறது: கண்ணுக்கு ஆறு எழுத்தாகத் தெரியும் ‘திருகோணமலை’ கணினிக்குப் பத்து. ஆகவே ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போகும் வங்கி அறிவித்தல், தமிழில் இரண்டு மூன்றாகப் பிரிந்து அதற்கேற்பச் செலவு வைக்கும். நிறுவனங்கள் ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுவதற்கு அசட்டை மட்டும் காரணமாகாது. இந்தக் கணக்கும் உண்டு. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே குறுஞ்செய்தியின் அளவு ஐரோப்பாவில் தீர்மானமாகிவிட்டது. தீர்மானித்தவர்கள் கண்முன் தமிழோ சிங்களமோ இருக்கவில்லை.

ஒருமுறைக் கடவுச்சொல், மக்கள் பேச்சில் ஓடிபி, இன்னொரு முள். கைபேசி இலக்கம் என்பது ஆளோடு ஒட்டியது என்று அது நம்புகிறது. கிராமத்தில் ஒரு கைபேசியை மூவர் பயன்படுத்துவார்கள். சிம் மகனின் பெயரில் இருக்கும். ரீலோட் போடாமல் நெடுநாள் விட்ட இலக்கம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். தாயின் வங்கிக் கணக்கை வெளிநாட்டிலிருக்கும் மகள் தன் இலக்கத்தோடு இணைத்துவிட்டால் நிலைமை வேடிக்கையாகும்: திருகோணமலையில் காலை பத்து மணி என்றால் ரொறன்ரோவில் நள்ளிரவை ஒட்டிய நேரம். சில நிமிடத்தில் காலாவதியாகும் இலக்கத்துக்காக ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். கவுண்டரில் நிற்கும் தாயை அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். கணினிக்கு மட்டும் தெரியாது. தெரிந்தவர் உதவட்டும் என்று ஓடிபியைக் கடைப் பையனிடம் சொல்லிக் கொடுப்பதும் இதனால்தான் நடக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்று வங்கி விடுக்கும் எச்சரிக்கை, பிறர் உதவியின்றி அந்தத் திரையைக் கடக்க முடியாதவருக்குப் பொருந்தாத புத்திமதி.

காரணம் சொல்ல ஆள் இல்லாமை எவ்வளவு பெரிய குறை என்பதை அஸ்வெசும நலன்புரித் திட்டம் காட்டியது. சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த இதில், வீடு வீடாகத் திரட்டிய விபரங்களைக் கணினியில் ஏற்றி, கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை போன்ற அளவுகோல்களுக்குப் புள்ளி போட்டு, குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. தொடக்கத்தில் கொடுப்பனவு மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை இருந்தது. நோக்கம் நியாயமானது, பழைய திட்டத்தில் அரசியல் செல்வாக்கு விளையாடியது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பெயர்ப்பட்டியல் வெளியானதும் நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது தனக்கு ஏன் இல்லை என்று கேட்டவருக்கு, ‘கணினி தெரிவு செய்தது’ என்பதைத் தாண்டி விளக்கம் கிடைப்பது அரிதாக இருந்தது. பக்கச்சார்பான அதிகாரியிடம் சண்டையாவது போடலாம். புள்ளிக் கணக்கோடு சண்டை போட எந்தக் கதவைத் தட்டுவது?

இத்தனைக்கும் அடியில் மின்சாரமும் தரவுச் சேமிப்பும் இருக்கின்றன. 2022 மார்ச் 31ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டது. கோபுரங்களின் பற்றரி தீர்ந்ததும் சிக்னலும் போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளானது. சேமிப்பின் நிலை இன்னும் கவலைக்குரியது: 2023இல் அரச கிளவுட் அமைப்பைத் தாக்கிய ரான்சம்வேர், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்களை அழித்துவிட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலத்துக்குரிய மாற்றுப் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. இணையத்தில் விண்ணப்பித்தவரிடமே மூன்று போட்டோகொப்பியும் கேட்கும் இலிகிதரைக் கிண்டல் செய்வோர், இந்த மூன்று மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தீர்வுகளில் சில பெரிய செலவில்லாதவை. பெயருக்கு இரண்டு பெட்டிக்குப் பதில் ஒன்று. பழைய, புதிய அடையாள அட்டை இலக்கங்கள் இரண்டையும் ஏற்கும் தேடல். நிராகரிக்கும்போது எந்த விபரம் பொருந்தவில்லை என்று தமிழில் ஒரு வரி. கைபேசி இல்லாதவருக்குக் காகித வழி. அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கம் மும்மொழியிலும் மனிதக் குரலில் பதில் தருவதற்காகவே அமைக்கப்பட்டது. ஏனைய நிறுவனங்களின் அழைப்பு நிலையங்களில் தமிழுக்கான பொத்தானை அழுத்திய பின்னும் சிங்களத்தில் பதில் வருவதைத் திருத்தப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, தமிழ் பேசும் ஊழியர் போதும்.

ஒரு பக்கத்தில் மட்டும் சுமை உண்மையாகவே குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டின் தமிழ்99, இலங்கைத் தட்டச்சின் ரெங்கநாதன், ஆங்கில ஒலிபெயர்ப்பு என்று விசைப்பலகைகளுக்கிடையே அல்லாடிய தமிழருக்கு, 2013இல் வாட்ஸ்அப் தந்த குரற்செய்தி எழுத்துக்கூட்டலே தேவையில்லாத வழியைத் திறந்தது. 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்தது. எழுத வராத முதியவரும் பேரப்பிள்ளைக்குத் தன் வாயாலேயே செய்தி அனுப்புகிறார். அதே முதியவர் வங்கிக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஏதும் சொல்ல வேண்டுமானால் இன்னமும் படிவம்தான், அதை நிரப்பக் கொமியூனிகேசன் கடைதான்.