பழைய நைட்ரோ என்ஜின்: ஊசியைத் திருகும் முன் இதைப் பாருங்கள்

மாதிரிப் படகுக்குப் புது நைட்ரோ என்ஜின் வாங்கினால் கையைக் கடிக்கும். அதனால் பலரும் பழையதைத் தேடிப் போகிறோம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே எரிபொருளை ஊற்றுவோம். சரியாக ஓடவில்லை என்றதும் கார்புரேட்டர் ஊசியைத் திருகத் தொடங்கிவிடுவோம். என் முதல் என்ஜின் அப்படித்தான் கெட்டது. கோளாறு ஊசியில் இல்லை, பின்மூடி வழியே காற்று கசிந்திருக்கிறது. இந்த என்ஜினுக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேனோடு கலந்துதான் வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். இரண்டே வாரத்தில் பிஸ்டன் தேய்ந்தது.

முதலில் ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். அலுமினிய பிஸ்டனும் குரோம் பூசிய பித்தளைக் குழலும் உள்ள என்ஜின், சூடாகாத நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சற்றே இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிப்பே இல்லாமல் வழுக்கினால் அது தேய்ந்த என்ஜின். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அசையவே இல்லையா? பயப்படாதீர்கள். பழைய ஆமணக்கு எண்ணெய் கோந்தாக உறைந்திருக்கலாம். முடி உலர்த்தியால் சூடாக்கினால் இளகும். ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டு நெம்ப மட்டும் கூடாது. சுற்றும்போது கரகரவென்றால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து குளோ பிளக். 1.5 வோல்ட் கொடுத்தால் கம்பிச்சுருள் பளிச்சென ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கலாக இருந்தால் புதிதாகப் போடுங்கள்.

அமர்த்தலான ஓட்டத்தில் வேகம் தானாக ஏறி இறங்கினால், ஒரு நாள் சரியாக இருந்த ஊசி அளவு மறுநாள் ஒத்துவராவிட்டால், காற்றுக் கசிவைத் தேடுங்கள். எரிபொருள் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ஊசிக்குழலால் காற்றை அழுத்தி, தண்ணீரில் முக்குங்கள். ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கார்புரேட்டர் அடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் பின்மூடித் திருகுகளையும் பாருங்கள்.

இவையெல்லாம் சரி என்றால்தான் ஊசிக்கு வர வேண்டும். வலப்புறம் திருகினால் எரிபொருள் குறையும். கூடுதல் எரிபொருளில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு சுற்று மட்டும் குறையுங்கள். கரையில் தூக்கிப் பிடித்து முழுவேகத்தில் அளவு பார்க்காதீர்கள். அங்கே புரொப்பெல்லருக்குச் சுமை இல்லை. ஓட்டத்தில்தான் குளிர்விக்கும் தண்ணீரும் உள்ளே ஏறும். நீரில் முழுவேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய புகை இழை தெரிய வேண்டும். புகை மறைந்து சத்தம் கிறீச்சிட்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள்.

பிறகுதான் குறைவேக ஊசி. கார்புரேட்டருக்கு அருகில் குழாயைக் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு மூன்று வினாடி ஓடி, வேகம் சற்றே ஏறி அணைந்தால் சரி. உடனே அணைந்தால் எரிபொருள் போதவில்லை. வெகுநேரம் ஓடி வேகம் மிக ஏறினால் அதிகம்.

ஒன்றை மறக்காதீர்கள்: பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது.

படகு கவிழ்ந்து தண்ணீர் உள்ளே போயிருந்தால், பிளக்கைக் கழற்றி நீரை வடித்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட்டரை வைத்தால் கனெக்டிங் ராட் வளையும். அன்றே ஒருமுறை ஓடவிட்டு ஈரத்தைப் போக்குங்கள். ஓட்டி முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, மிச்ச எரிபொருள் எரிந்து அணைந்தபின், பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வையுங்கள்.