ஃபோமட் அடிப்பதற்கு முன்: லினக்ஸில் மென்பொருள் நிறுவ மறுத்தால் என்ன செய்வது?

"பிள்ளை, கடைக்காரப் பெடியன் ஃபோமட் அடிச்சாத்தான் சரிவருமாம் எண்டு சொல்லுறான். அடிக்கவோ?"

தொலைபேசியில் அந்த அம்மா இப்படிக் கேட்டபோது நான் பேருந்தில் இருந்தேன். "அடிக்க வேண்டாம், நான் வாறன். அதுவரைக்கும் அதைத் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கினேன்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சிலர், வன்னியில் ஒரு சிறிய அறையில் கூடித் தங்கள் ஆவணங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஆணைக்குழுக்களில் கொடுத்த பதிவு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், பாடசாலை அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த படம். இவற்றில் பல, இடப்பெயர்வின்போது பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக் கொண்டுவரப்பட்டவை. மை மங்கிவிட்டது, மடிப்பில் கிழிந்துவிட்டது. ஆகவே அவற்றை ஸ்கான் செய்து, யாரோ அன்பளித்த ஒரு பழைய மடிக்கணினியில் சேமிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கணினியில் இருப்பது உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். புதிய ஸ்கானருக்குரிய மென்பொருளை நிறுவ முயன்றபோது சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தது. கடைக்குக் கொண்டுபோனார்கள். கடையில் கிடைத்த பதில்தான் மேலே உள்ளது.

ஃபோமட் அடித்திருந்தால் கணினி புதிதுபோல இயங்கியிருக்கும். அதற்குள் இருந்த பல மாத வேலையும், அதற்குப் பிறகு கறையான் அரித்துவிட்ட சில மூலப் பிரதிகளின் ஒரேயொரு படமும் போயிருக்கும்.

எங்கள் பகுதியில் நூலகங்களிலும் முன்பள்ளிகளிலும் சிறு அமைப்புகளிலும் இப்படிப் பழைய கணினிகள் பல இருக்கின்றன. லினக்ஸ் இலவசம். பழைய வன்பொருளிலும் ஓடும். திருட்டு விண்டோஸில் வரும் வைரஸ் தொல்லையும் குறைவு. ஆனால் மென்பொருள் நிறுவும்போது ஒரு பிழை வந்தால் கைகொடுக்க ஆள் இல்லை. அன்று அந்த அறையில் நாங்கள் செய்தவற்றை, மற்றவர்களுக்கும் பயன்படும்படி ஒழுங்காக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். பல சந்தர்ப்பங்களில் பிழைச்செய்தியிலேயே தட்டவேண்டிய கட்டளை எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்து அப்படியே தட்டினால் போதும்.

முதலில் பிரதி எடுங்கள்

மென்பொருள் நிறுவ முடியவில்லை என்பது இயங்குதளத்தின் பிரச்சினை. உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பாதிக்கப்படாமல் 'ஹோம்' என்ற உறையில் இருக்கும். எதையும் திருத்தத் தொடங்குமுன் அந்த உறையை முழுதாக வெளி வன்தட்டிலோ பென் ட்ரைவிலோ பிரதி எடுங்கள். பிரதியில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

கணினி திறக்கவே மறுத்தாலும் வழி உண்டு. உபுண்டு ஏற்றிய ஒரு பென் ட்ரைவில் இருந்து கணினியை இயக்கி, 'ட்ரை உபுண்டு' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'இன்ஸ்டோல்' என்பதை அழுத்தக் கூடாது. வன்தட்டு பூட்டுச்சொல்லால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அந்தச் சொல் தேவை. இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை அப்படியே பிரதி எடுக்கலாம்.

நாங்கள் அன்று பிரதி எடுக்க மட்டும் ஒரு மணித்தியாலம் சென்றது. அது முடிந்த பிறகுதான் அந்த அம்மா தேத்தண்ணி வைக்க எழும்பினார்.

உள்ளே என்ன நடக்கிறது?

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் மென்பொருள் 'பொதி'களாக வரும். பொதிகள் இருக்குமிடம் இணையத்திலுள்ள களஞ்சியம். களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் ஒன்று உங்கள் கணினியிலும் இருக்கும்.

'ஆப்ட்' என்ற நிரல் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பொதிகளை எடுத்து வரும். அதற்கு அடியில் 'டிபிகேஜி' என்ற இன்னொரு நிரல், வந்த பொதியை அவிழ்த்து, பிறகு அதைப் பயன்பாட்டுக்கு ஒழுங்கமைக்கும். இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் மின்சாரம் போனால் வேலை அரைகுறையில் நிற்கும்.

ஒரு பொதி இயங்க வேறு பொதிகளும் தேவைப்படும். புட்டு அவிக்க மாவோடு தேங்காய்ப்பூவும் வேண்டும் என்பதுபோல. இதைச் 'சார்பு' என்பார்கள். தேவையான சார்பு கிடைக்காவிட்டால் ஆப்ட் நிறுவ மறுக்கும்.

ஆகவே பிழை வரும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: பட்டியல் எடுப்பதில் தடையா, பொதி எடுப்பதில் தடையா, அவிழ்ப்பதிலா, ஒழுங்கமைப்பதிலா? செய்தியின் கடைசி வரி, எந்தப் பொதி தவறியது என்பதை மட்டும் சொல்லும். ஏன் தவறியது என்பது பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் கொண்டு தொடங்கும் வரிகள் பிழைகள். 'டபிள்யூ' என்று தொடங்குபவை எச்சரிக்கைகள். முதலில் வந்த பிழையிலிருந்து வாசியுங்கள்.

அன்று நாங்கள் கண்ட மூன்று தடைகள்

முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று தட்டினோம். இது பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை. களஞ்சியத்தின் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற பொருளில் பதில் வந்தது. இணையத்தில் குறையில்லை. கணினியின் திகதியைப் பார்த்தோம். 2020ஆம் ஆண்டு! பழைய கணினிகளுக்குள் நேரத்தைக் காக்கும் காசு வடிவச் சிறு பற்றரி ஒன்று உண்டு. அது செத்துவிட்டால் அணைத்துப் போடும்போதெல்லாம் நேரம் பின்னால் போகும். அந்தக் கணினிக்கு, இன்றைய பட்டியல் எதிர்காலத்திலிருந்து வந்ததுபோலத் தெரிந்தது. ஆகவே நம்ப மறுத்தது. அமைப்புகளில் திகதியும் நேரமும் பகுதிக்குப் போய், தானாக நேரம் எடுக்கும் தெரிவை இயக்கினோம். பிழை மறைந்தது. பற்றரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவதாக மென்பொருளை நிறுவ முயன்றோம். 'டிபிகேஜி இடைநிறுத்தப்பட்டது' என்ற செய்தி வந்தது. முன்பு ஒருமுறை இற்றைப்படுத்தல் ஓடும்போது மின்சாரம் போயிருக்கிறது. அந்த மடிக்கணினியின் பற்றரி ஐந்து நிமிடமும் தாங்காது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டை அனுபவித்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செய்தியிலேயே மருந்தும் இருந்தது: 'சூடோ டிபிகேஜி', பிறகு இரட்டை இணைகோட்டுடன் 'கொன்ஃபிகர்', பிறகு ஒற்றை இணைகோட்டுடன் 'ஏ'. அரைகுறையாக நின்ற எல்லாப் பொதிகளையும் ஒழுங்கமைத்து முடி என்பது அதன் பொருள்.

அந்தக் கட்டளையும் பாதியில் நின்றது. இதுதான் மூன்றாவது தடை. மேலே வாசித்துப் பார்த்தால், 'சாதனத்தில் இடமில்லை'. 'டிஎஃப்' என்று தட்டி, இடைவெளி விட்டு, இணைகோட்டுடன் 'எச்' என்று தட்டினால் வன்தட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. தொலைபேசிகளிலிருந்து இறக்கிய வட்ஸ்அப் காணொளிகள்தான் காரணம். அவை ஏற்கனவே வெளி வன்தட்டில் பிரதியாக இருந்ததால் கணினியிலிருந்து அகற்றினோம். மீண்டும் அதே கட்டளை. இந்த முறை ஓடி முடிந்தது. கடைசியாக 'சூடோ ஆப்ட்', இரட்டை இணைகோட்டுடன் 'ஃபிக்ஸ்-புரோக்கன்', பிறகு 'இன்ஸ்டோல்'. அறுந்த சார்புகளை இது பொருத்தும். அதன் பிறகு ஸ்கான் மென்பொருள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது.

நேரம், மின்சாரம், இடம் ஆகிய மூன்றுதான் காரணம். ஃபோமட் அடிக்கத் தேவையே இருக்கவில்லை.

வேறு பிழைகள் வந்தால்

*பூட்டு கிடைக்கவில்லை:* இன்னொரு நிரல் ஏற்கனவே பொதிகளைக் கையாள்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது பின்னணியில் ஓடும் பாதுகாப்பு இற்றைப்படுத்தல். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனையை உடனே கேட்காதீர்கள். வேலை நடக்கும்போது பூட்டை உடைத்தால் பொதிகளின் பதிவேடு பழுதாகலாம்.

*பொதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை:* முதலில் எழுத்துப் பிழை பாருங்கள். பிறகு பட்டியலைப் புதுப்பியுங்கள். உபுண்டுவில் 'யூனிவேர்ஸ்' என்ற களஞ்சியப் பகுதி அணைக்கப்பட்டிருந்தாலும் இப்படி வரும். தமிழ் எழுத்துகளைப் படத்திலிருந்து வாசித்தெடுக்கும் டெசறாக்ட் மென்பொருளின் தமிழ்ப் பொதி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

*404:* களஞ்சியத்தில் அந்தக் கோப்பு இல்லை. பட்டியல் பழையதாக இருக்கலாம். அல்லது உங்கள் உபுண்டுப் பதிப்பின் ஆயுள் முடிந்திருக்கலாம். உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது மட்டும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. இடையில் வருபவற்றுக்கு ஆதரவு ஒன்பது மாதம்தான். அதன் பிறகு அவற்றின் பொதிகள் பழைய பதிப்புகளுக்கான வேறு முகவரிக்கு மாற்றப்படும். பொதுக் கணினிக்கு எப்போதும் நீண்டகாலப் பதிப்பையே போடுங்கள். 20.04இன் வழமையான ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிந்துவிட்டது. உபுண்டு ப்ரோ கணக்கு ஒன்றைத் திறந்தால் ஐந்து கணினிகள்வரை தனிப்பட்ட பாவனைக்கு இலவசமாகப் பாதுகாப்பு இற்றைகளைப் பெறலாம். பிரதி எடுத்துவிட்டு 22.04க்கு மாறுவதும் நல்லது.

*கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை:* களஞ்சியங்கள் தங்கள் பட்டியலில் இலத்திரனியல் கையொப்பம் இடும். வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அதுவே சான்று. பெரும்பாலும் வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்திருந்தால் இந்தப் பிழை வரும். சரிபார்ப்பையே நிறுத்திவிடும் குறுக்குவழிகள் இணையத்தில் நிறைய உண்டு. சாட்சியங்களும் பெயர்களும் இருக்கும் ஒரு கணினியில் அதைச் செய்யவே கூடாது. தேவையில்லாத அந்த வெளிக் களஞ்சியத்தை நீக்குங்கள். தேவையென்றால் அதன் உரிய திறவியை அதன் அதிகாரபூர்வ இடத்திலிருந்து எடுங்கள்.

*எதை அழிக்கப்போகிறது என்று வாசியுங்கள்:* ஒன்றை நிறுவச் சொன்னால் வேறு பலவற்றை நீக்கப்போவதாக ஆப்ட் சில வேளை பட்டியல் காட்டும். 2021இல் கனடாவின் பிரபல யூரியூப்பர் லினஸ் செபாஸ்ரியன், பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் விளையாட்டு மென்பொருள் ஒன்றை நிறுவப்போய், எச்சரிக்கையைக் கடந்து சென்று திரையின் முழுத் தோற்றத்தையுமே நீக்கிக்கொண்டார். மூலப் பிழை அந்தப் பொதியில்தான் இருந்தது. ஆனாலும் பட்டியலை வாசிக்கும் ஒரு நிமிடம் அதைத் தடுத்திருக்கும்.

டேற்றா இல்லாத இடத்தில்

அந்த அறையில் இணைய இணைப்பு இல்லை. என் தொலைபேசி டேற்றாவில்தான் வேலை நடந்தது. ஒரே பதிப்பு உபுண்டு உள்ள கணினிகள் இரண்டு இருந்தால், ஒன்றில் இறக்கிய பொதிகளை மற்றதற்குக் கொண்டுபோகலாம். 'ஆப்ட்-கெட்' கட்டளையில் 'டவுன்லோட்-ஒன்லி' தெரிவைச் சேர்த்தால் பொதிகள் நிறுவப்படாமல் இறங்கி மட்டும் இருக்கும். 'வார்' உறைக்குள் 'கேஷ்', அதற்குள் 'ஆப்ட்', அதற்குள் 'ஆர்கைவ்ஸ்' என்ற இடத்தில் அவை கிடைக்கும். ஒன்றை மறக்கவேண்டாம்: முதல் கணினியில் ஏற்கனவே உள்ள சார்புகள் மீண்டும் இறங்கா. ஆகவே இரண்டாவதில் ஏதாவது குறைந்தால் அதைத் தனியாக எடுக்கவேண்டும். 'ஆப்ட் கிளீன்' கட்டளை இந்த உறையை வெறுமையாக்கி இடம் தரும். ஆனால் இறக்கியதெல்லாம் போகும், மீண்டும் டேற்றா செலவாகும்.

இந்த நாட்டில் கட்டற்ற மென்பொருளுக்கும் தொலைந்தவர்களைத் தேடுவதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய 'சஹானா' என்ற மென்பொருளில் காணாமற்போனோர் பதிவேடும் ஒரு பகுதி. அது பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. கடல் கொண்டுபோனவர்களுக்கு ஒரு பதிவேடு கிடைத்தது. 2009இல் கையளிக்கப்பட்டவர்களின் பதிவேட்டை அவர்களுடைய தாய்மாரே பழைய மடிக்கணினியில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

புறப்படும்போது கணினிக்கு மேல் ஒரு தாளை ஒட்டினோம். 'ஃபோமட் அடிக்க வேண்டாம். முதல் பிரதி எடுக்கவும்.' அடுத்த கிழமையே அந்த அம்மா அழைத்தார். புதிதாக ஒரு பிழை வந்ததாம்.

"பூட்டு எண்டு ஏதோ சொன்னது பிள்ளை. நான் ஒண்டும் செய்யேல்லை, பொறுத்துப் பாத்தன். தானாச் சரிவந்திட்டுது."

அன்று மட்டும் நாற்பது தாள்களை ஸ்கான் செய்திருந்தார்கள்.