கேமராவுக்கு அடியில் தொங்கும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா?

கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கையில் பார்த்திருப்பீர்கள். கேமராவுக்கு அடியில் இன்னொரு பாதி கேமரா முளைத்த மாதிரி ஒரு கனத்த கறுப்புப் பெட்டி! ‘சும்மா கெத்துக்கு மாட்டியிருக்கார்’ என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதன் பெயர் பேட்டரி கிரிப். உள்ளே இருக்கும் சங்கதிகளைக் கேட்டால் அசந்துபோவீர்கள்.

முதலில் முழங்கையைக் கவனியுங்கள். கெட்டிமேளம் கொட்டுகிறது. மணமக்களை உயரவாக்கில் எடுக்க போட்டோகிராபர் கேமராவைத் திருப்புகிறார். கிரிப் இல்லையென்றால் வலது முழங்கை மேலே தூக்கிக்கொள்ளும். பின்னால் அட்சதையோடு எட்டிப்பார்க்கும் அத்தையின் மூக்குக்கு ஆபத்து! கிரிப்பில் இதற்கென்றே இரண்டாவது ஷட்டர் பட்டன் ஒன்று உண்டு, விரலுக்கு எட்டும் தூரத்தில் செட்டிங்கை மாற்றும் சக்கரமும் உண்டு. முழங்கை விலாவை விட்டு நகர வேண்டியதே இல்லை.

இவ்வளவு பெரிய பெட்டியைக் கேமராவோடு இறுக்கிப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு என்பது தெரியுமா? டிரைபாடில் மாட்டுவதற்காகக் கேமராவின் அடியில் இருக்கிறதே, கால் அங்குல ஓட்டை, அதில்தான் இதுவும் ஏறுகிறது. கேனான் 5டி மார்க் 3 போன்றவற்றில் பேட்டரி மூடியையே கழற்றிவிட்டு, கிரிப்பின் நீண்ட கழுத்தை அந்தக் குழிக்குள் செருக வேண்டும். கழற்றிய மூடி தொலைந்துவிடுமே? அதைப் பத்திரப்படுத்த கிரிப்பிலேயே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்! எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.

இப்போதுதான் பெரிய அதிசயம். 2008-இல் வந்த நிக்கான் டி700 தனியாக இருந்தால் நொடிக்கு 5 படம் எடுக்கும். எம்பி-டி10 கிரிப்பை மாட்டினால் 8 படம்! கேமரா அதேதான், ஷட்டர் அதேதான். பின்னே எப்படி? கேமராவோடு வந்த 7.4 வோல்ட் பேட்டரியையே கிரிப்பிலும் போட்டால் வேகம் துளிகூடக் கூடாது. பெரியண்ணன் டி3-யின் 11.1 வோல்ட் பேட்டரியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் 8 பென்சில் பேட்டரி. மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி பெரிதானால் தண்ணீர் ரொம்ப நேரம் வரும். தொட்டியை உயரத்தில் வைத்தால் வேகமாக வரும். வோல்ட் என்பது அந்த உயரம். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே கண்ணாடி மேலே எழும்பி இறங்க வேண்டும், ஷட்டர் மறுபடி தயாராக வேண்டும். மோட்டாருக்கு அழுத்தம் கூடினால்தான் நொடிக்கு எட்டு தடவை இந்தக் குட்டிக்கரணம் நடக்கும்!

5டி மார்க் 3-க்கு கிரிப் மாட்டி இரண்டு பேட்டரி போட்டாலும் நொடிக்கு 6 படம் 6 படமாகவே நிற்பதற்கும் இதுதான் காரணம். தொட்டி இரண்டாயிற்று, உயரம் மாறவில்லை. 2017-இல் வந்த நிக்கான் டி850-லும் 7 படத்தை 9 ஆக்க இதே வித்தைதான். ஆனால் கிரிப் வாங்கினால் மட்டும் போதாது. பெரிய பேட்டரி, அதற்கொரு சார்ஜர், அதற்கொரு மூடி என்று பர்ஸ்தான் முதலில் காலியாகும்.

பென்சில் பேட்டரி என்றேனே, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, சாட்சாத் அதேதான்! லட்ச ரூபாய் கேமரா நடுராத்திரியில் மூச்சை விட்டுவிட்டால் பெட்டிக்கடை காப்பாற்றும். நிக்கானில் எந்த வகை செல் போட்டிருக்கிறோம் என்பதை மெனுவில் சொல்லிவிட வேண்டும். சாதா செல் 1.5 வோல்ட், சார்ஜ் ஏற்றும் செல் 1.2 வோல்ட். சொல்லாவிட்டால் பேட்டரி அளவைக் காட்டும் மீட்டர் ஏமாந்துபோகும். கிரிப்பில் உள்ள பேட்டரியை முதலில் தீர்க்கவா, கேமராவில் உள்ளதையா என்று கேட்கும் மெனுவும் உண்டு. கிரிப்பையே முதலில் தீர்ப்பதுதான் புத்திசாலித்தனம். அவசரத்துக்குக் கழற்றிப் போட்டாலும் கேமரா நிறைவயிறாக இருக்கும்.

இந்தக் கிரிப்புக்கு ஒரு தாத்தாவும் உண்டு! 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவின் எஃப்-36 மோட்டார். பிலிமைத் தானே நகர்த்தி நொடிக்கு 3 படம் தள்ளும். 36 படச் சுருள் 12 நொடியில் காலி! ஒரு கேமராவுக்குப் பொருத்திய மோட்டாரை இன்னொன்றில் அப்படியே மாட்ட முடியாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொருத்திச் சரிபார்த்தாக வேண்டும்.

கிரிப்பில் குறையே இல்லையா? டிரைபாடில் வைத்து இரவு வானத்தை எடுப்பதானால் கழற்றி வைத்துவிடுங்கள். நடுவில் ஒரு இணைப்பு கூடினால் ஆட்டமும் கூடும்.

அந்த இரண்டாவது ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு இருக்கும், தெரியுமா? என் சித்தி மகன் கல்யாணத்தில் போட்டோகிராபர் அதைப் பூட்ட மறந்து, கேமராவைத் தோளில் தொங்கவிட்டபடி பந்திக்குப் போனார். தொந்தி பட்டனை அமுக்கியிருக்கிறது. மண்டபத்துச் சிவப்புக் கம்பளம் மட்டும் நாற்பது படம், ஒவ்வொன்றும் துல்லியமான ஃபோகஸில்!