பனிமேல் நடப்பவர்களின் சாட்சியம்

சூரியன் பழைய இடத்தில் மறைவதில்லை என்றார்கள். நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இல்லை, பூமியே கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்றும் சொன்னார்கள். கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பகுதியின் இனுயிட் முதியவர்கள், ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருக்கும் ஊர்களில் வாழ்பவர்கள், கேமராவின் முன் ஒருவர் பின் ஒருவராக இதையே சொன்னார்கள்.

படம் எடுத்தவர் ஸகரியாஸ் குனுக். ‘அதனார்ஜுவாத்’ படத்துக்காக 2001-இல் கான் திரைப்பட விழாவில் விருது பெற்ற இனுயிட் இயக்குநர். ஆய்வாளர் இயான் மௌரோவுடன் சேர்ந்து, பருவநிலை மாற்றம் பற்றி இனுயிட் மக்கள் தங்கள் இனுக்டிடூட் மொழியிலேயே பேசும் ஆவணப்படத்தை 2010-இல் அவர் வெளியிட்டார். அதற்கு முன்பே, 2009 கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டின்போது அதன் சில காட்சிகள் வெளியே தெரிந்தன. பூமி சாய்ந்தது என்பதைப் படத்தில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அறிவியலாளர் சிலர் எச்சரித்தார்கள்.

பூமியின் அச்சு அப்படிச் சாயவில்லை என்பது உண்மை. ஆனால் முதியவர்களின் கண் ஏமாறவில்லை. ரெசொல்யூட் பே என்ற ஊரில் பல ஆண்டுகளாகச் சூரிய அஸ்தமனத்தைக் கவனித்துவந்த வானிலைப் பதிவாளர் ஒருவரும் இதே மாற்றத்தைக் கண்டிருந்தார். உறைந்த தரையை ஒட்டிக் குளிர்காற்று படிந்திருக்க, அதன்மேல் வெப்பக்காற்று அடுக்காக அமையும்போது ஒளி வளைகிறது. அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்ட சூரியன்கூட மேலே நிற்பதுபோல் தெரியும். கோடையில் தார்ச்சாலையில் நாம் பார்க்கும் கானல் நீரும் இப்படித்தான் உண்டாகிறது. அங்கே சூடான காற்று கீழே இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. மேலடுக்குக் காற்று சூடாகச் சூடாக இந்தத் தோற்றம் மாறுகிறது என்பது அந்தப் பதிவாளர் தந்த விளக்கம். வாழ்நாளெல்லாம் ஒரே அடிவானத்தைப் பார்த்து வழி கண்டவர்கள், காற்றில் நடந்ததை வானத்தில் படித்திருக்கிறார்கள்.

அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, ரஷ்யாவின் சுகோட்கா என்று நான்கு நாட்டு எல்லைகளுக்குள் சுமார் 1,80,000 இனுயிட் மக்கள் வாழ்கிறார்கள். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. ஆனால் அவர்களுடைய வீடுகளில் பேச்சு டிகிரிக் கணக்கில் நடப்பதில்லை. கடல் எப்போது உறைந்தது, அந்த முனையைச் சுற்றிப் போகலாமா, சீல் வேட்டைக்குப் போனவர் திரும்பிவிட்டாரா என்பதே பேச்சு. உறைந்த கடல்தான் அவர்களுக்குச் சாலை. எறியீட்டியால் குத்திப் பார்த்து, பனியின் நிறத்தையும் ஓசையையும் கொண்டு தடிமனைக் கணிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த படிப்பு. இப்போது பனி தாமதமாக உறைந்து முன்கூட்டியே உடைகிறது. மேலே ஒரேமாதிரி தெரியும் பனி அடியில் மெலிந்திருக்கிறது. அனுபவசாலிகளே மோட்டார் பனிவண்டியான ஸ்நோமொபைலோடு மூழ்குகிறார்கள். நாளைய வானிலையைச் சொல்ல ஊரே நம்பியிருந்த முதியவர், இனி தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். இழப்புகளில் இதுவே மிகக் கொடியது. ஒரு மனிதருக்கு ஊரில் இருந்த இடமே அதனால் ஆட்டம் காண்கிறது.

உணவும் இதே பேச்சில்தான் வரும். நுனாவுட்டில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் போதிய உணவு உறுதியில்லை. விமானத்திலும் கப்பலிலும் வரும் கடைச் சரக்கின் விலை அப்படி. வேட்டைக்குப் போக முடியாத ஒவ்வொரு வாரமும் அடுப்படியில் தெரியும்.

இந்த இழப்புகளைச் சட்டத்தின் மொழிக்குக் கொண்டுபோனவர் ஷீலா வாட்-குளூட்டியே. 1953-இல் கியூபெக்கின் வடக்கே பிறந்து, முதல் பத்து ஆண்டுகள் நாய் இழுக்கும் சறுக்குவண்டியிலேயே பயணம் செய்து வளர்ந்தவர். 2005 டிசம்பரில் அவரும் கனடாவையும் அலாஸ்காவையும் சேர்ந்த இன்னும் 62 இனுயிட்டுகளும் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையத்திடம் மனு கொடுத்தார்கள். அமெரிக்காவின் கரியமில வாயு வெளியேற்றம் தங்கள் வாழ்வுரிமையைப் பறிக்கிறது என்பது வாதம். அடுத்த ஆண்டே ஆணையம் மனுவை ஏற்க மறுத்தது. ஆனாலும் 2007 மார்ச்சில் வாஷிங்டனில் அவர்களை அழைத்துக் கேட்டது. குளிராக இருப்பது ஒரு மனித உரிமை என்ற அவருடைய வாதம், அதுவரை பனிப்பாறைகளைப் பற்றியதாக மட்டும் இருந்த விவாதத்துக்குள் மனிதர்களைக் கொண்டுவந்தது.

உலகம் கேட்க விரும்பியது வேறு கதை. 2017-இல் எலும்பும் தோலுமான ஒரு பனிக்கரடியின் காணொளி உலகெங்கும் பரவியது. பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்ற வாசகத்தோடு அதை வெளியிட்ட நேஷனல் ஜியாகிரஃபிக், தான் எல்லை மீறிவிட்டதாக மறு ஆண்டு ஒப்புக்கொண்டது. அந்தக் கரடி நோயாளியாகவோ கிழடாகவோ இருந்திருக்கலாம் என்று இனுயிட்டுகள் அப்போதே சொன்னார்கள். தங்கள் ஊர்களைச் சுற்றிக் கரடிகள் அதிகம், அவற்றால் உயிருக்கு ஆபத்து என்பதே அவர்களில் பலரின் கருத்து. நுனாவுட் அரசின் 2018 வரைவுத் திட்டமும் அதைப் பதிவு செய்தது. கடற்பனி குறைவதால் கரடிகள் கரையில் அதிக நாள் தங்குகின்றன, அதனால் கண்ணில் அதிகம் படுகின்றன என்று அறிவியலாளர் பலர் பதில் சொல்கிறார்கள். இந்த விவாதம் இன்னும் தீரவில்லை. சூரியன் விஷயத்தில் நடந்ததை நினைத்தால், வேட்டைக்காரரின் சொல்லை அவசரப்பட்டுத் தள்ளுவது நியாயமல்ல.

வேட்டைக்காரரின் அனுபவமும் கருவியின் பதிவும் எப்போதும் ஒத்துப்போகும் என்றும் இல்லை. பாஃபின் தீவின் கிளைட் ரிவர் ஊரில் காற்றின் போக்கு மாறிவிட்டதாக வேட்டைக்காரர்கள் சொன்னதை வானிலை நிலையத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது இரண்டும் முழுதாகப் பொருந்தவில்லை. ஓரிடத்தில் நிற்கும் கருவியும் பல மைல் பனியில் அலையும் மனிதரும் ஒரே காற்றைச் சந்திப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆராய்ச்சி யார் கையில் இருக்க வேண்டும் என்பதே இப்போது இனுயிட்டுகள் எழுப்பும் கேள்வி. கனடாவின் இனுயிட் தேசிய அமைப்பான இனுயிட் டாபிரீட் கனடாமி 2019-இல் தனக்கென ஒரு பருவநிலைக் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு தொடங்கிய ‘சிக்கு’ செயலியில் வேட்டைக்காரர்கள் பனியின் நிலையைத் தங்கள் மொழியிலேயே பதிகிறார்கள். பதிவுக்கு உரிமையாளர் பதிந்தவரே. ‘ஸ்மார்ட்ஐஸ்’ திட்டத்தில், ஸ்நோமொபைலின் பின்னால் இழுத்துச் செல்லும் கருவி பனியின் தடிமனை அளக்கிறது. அந்த அளவுகளையும் முதியவர்களின் அறிவையும் சேர்த்து, எங்கே போகலாம், எங்கே மெதுவாகப் போகவேண்டும், எங்கே போகவே கூடாது என்று வரைபடம் போடுகிறார்கள். கருவியை இழுத்துக்கொண்டு பனியில் இறங்குபவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள்.